ரத்தினம் அண்ணையின் கையெழுத்து

சனி, ஒக்டோபர் 12

இன்று பகல் முழுவதும் ஓர்லிகோன் சந்தையடியில் கையெழுத்துச் சேர்த்தேன். பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பெற்றோரே தெரிவுசெய்ய வேண்டும், அது தனியார் பள்ளி என்றாலும் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. போதிய கையெழுத்துச் சேர்ந்தால், இங்கே சுவிஸில் அது மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். மகள் தினமும் அழுதுகொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன்.

அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்யும் ரத்தினம் அண்ணை வந்தார். அரை மணித்தியாலம் என்னோடு சண்டை.

"வசதியான சனம் தங்கட பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயிடும். மிச்சப் பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையள்தான் நிக்கும்."

எனக்குச் சரியான கோபம். அவரோ பேனையைக் கேட்டார்.

"நீங்கள் இதுக்கு எதிரெல்லோ, அண்ணை?"

"ஓம். வோட்டு வந்தால் இல்லை எண்டுதான் போடுவன். அதுக்கு முதல் வோட்டு வரவேணுமே. சனம் சொல்லட்டும்."

குனிந்து, முகவரியோடு நிதானமாக எழுதினார். அந்த நாளில் ஊரில் எதிர்த்துக் கதைத்தவர்களுக்கு... வேண்டாம், அதை எழுதவில்லை.

எனக்கு இன்னும் சுவிஸ் பாஸ்போர்ட் இல்லை. அதனால் என்னால் இதில் கையெழுத்து வைக்க முடியாது. தாளை மறுபடி விரித்துப் பார்க்கிறேன். என் மகளுக்காக அதில் இருக்கும் ஒரே தமிழ்ப் பெயர் அவருடையது.