கறுப்புத் தண்ணீரும் உன் விரல்களும்

அக்கா,

இன்று காலை ஷெட்டில் புது டிரம்மைத் திறந்தார்கள். மழை விட்ட வயலின் வாசனை, கூடவே தொண்டையைக் காறவைக்கும் அந்த நெடி. என்னை அறியாமல் உன் ஸ்டூல் பக்கம் திரும்பிவிட்டேன்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கும் ஹியூமிக் கரைசல். நெல்லுக்கு ஊற்றும் கறுப்புத் தண்ணீர். இந்தப் புவனகிரி ஷெட்டில் நீ பாட்டிலில் நிரப்புவாய், நான் மூடி திருகுவேன். இரண்டு வேலையையும் இருவரும் முறைபோட்டு மாற்றிச் செய்ய வேண்டும். ஆனால் முடக்குவாதத்தில் வீங்கிய உன் விரல்கள் மடங்கவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கோ அவரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எனக்கு நீ விரலு, ஒனக்கு நான் வாயி. சரியாடி ஊமச்சி?" என்றாய்.

ஒருநாள் சரக்கெடுக்க வந்தவர், இதே சத்து மனிதருக்கும் வீக்கத்தை வற்றவைக்குமாம், எதிர்ப்புச் சக்தியை ஏற்றுமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே உன் கூடையில் ஒரு பாட்டில்.

"மாத்திரை வயித்த எரிக்குதுடி. நாளையிலேர்ந்து இதுல ரெண்டு மூடி. பயிரே தழைக்குது, நான் தழைக்க மாட்டேனா?"

பயந்துபோய், மறுநாள் உன்னைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஊரெல்லாம் வம்பளக்கும் நீ, டாக்டர் முன்னால் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாய். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் உனக்கு.

"சார், இதக் குடிச்சா வீக்கம் வத்துமா?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "வீக்கத்த அடக்குற குணம் இதுல இருக்கான்னு ஆராய்ச்சி பண்றாங்கம்மா. மனுஷங்களுக்கு இன்னும் உறுதியாகல. இது பயிருக்குன்னு காஸ்டிக் காரம் போட்டு எடுத்தது, வயித்தப் புண்ணாக்கிடும். அதோட இவுங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கொறைச்சல் இல்ல. அதுதான் ஆள் தெரியாம சொந்த மூட்டையே அடிக்குது. ஏத்திவிட்டா ஜாஸ்தியாகலாம். மாத்திரைய நிறுத்தாதீங்க, வயித்தெரிச்சலுக்கு வேற தர்றேன்."

பஸ்ஸில் நீ முகம் கொடுக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் என் தலையில் தட்டினாய். "வாய வாடகைக்குக் குடுத்தா, சொந்தமாவே வச்சிக்கிட்டியேடி!"

பாட்டிலில் இருந்ததைத் தண்ணீரில் கலந்து உன் வாசல் கனகாம்பரத்துக்கு ஊற்றினோம். மாத்திரையை விடாமல் போட்டதில் சில மாதங்களில் விரல்கள் கொஞ்சம் மடங்கின. ஒருநாள் நீயே ஒரு மூடியைத் திருகிவிட்டு, ஷெட்டே திரும்பும்படி "பாருடி!" என்று கத்தினாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் ஸ்டூலில் இப்போது புதிதாக ஓர் அம்மா. காரம் பட்டு அவர் கை வெடித்திருந்தது. இன்று நானே மேஸ்திரியிடம் போய், "கையுறை குடுங்கண்ணே, இவுங்களுக்கு முடியல" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "யாரு பேசுறது?"

"நான்தாண்ணே."

அது முழு உண்மை இல்லை, அக்கா.