விற்கிறதுக்கா, வச்சுக்கிறதுக்கா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அது பழைய முனகல்தான். உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு "நல்லாத்தான்ப்பா இருக்கேன்" சொல்லி முடித்துவிடுகிறாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன தெரிந்துகொள்வது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். நாலு வரி எழுதுவதும் எழுந்து கேட் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவதுமாக இருக்கிறேன், ஏனென்றால் அம்மா வெளியே போயிருக்கிறாள். எப்படிப் போயிருக்கிறாள் என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், எடுத்த எடுப்பில் சொன்னால் நீ பயந்துவிடுவாய், எனக்கும் வரிசை தப்பினால் எதுவும் வராது. போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், இது அவள் பக்கத்தில் இருக்கும்போது பேசக்கூடிய விஷயம் இல்லை. எழுதி முடித்ததும் இதைப் படம் எடுத்து அனுப்புகிறேன், தாளைத் தபாலிலும் போடுகிறேன், ஒன்று தவறினால் இன்னொன்று வந்து சேரும்.

போன வாரம் நீ, காரை வித்துடுங்கப்பா, சும்மா நின்னு வீணாகுது, உங்களுக்கும் தொல்லை, மருந்துக்கடைக்காரர் கேட்டுட்டே இருக்காரே அவருக்கே குடுத்துடுங்க என்றாய். நான் சரி என்றேன். நான் எதற்கும் முதலில் சரி சொல்லிவிட்டு அப்புறம்தான் யோசிக்க ஆரம்பிப்பவன் என்பது உனக்குத் தெரியாததல்ல. அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகனைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவதாக ஏற்பாடு. நீ போனதிலிருந்து கொட்டகையில் நிற்கிற கார், மேலே புழுதியும் பறவை எச்சமும், இதை இப்படியே காட்டினால் நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று, கழுவுவதற்கு ஏதாவது வாங்கி வரலாம் என்று கடைக்குப் போனேன். பாப்பா, அத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான், ஒரு சோப்பு வாங்கத் தெரியாமல் அந்தக் கடையில் நின்றேன். தரையிலிருந்து கூரை வரை ஷாம்பு, நீலம், பச்சை, ரோஸ். ஒன்றில் நுரை அதிகம் என்று போட்டிருக்கிறது, பக்கத்துப் பாட்டிலில் நுரையே வராது என்று அதையும் பெருமையாகப் போட்டிருக்கிறது. தண்ணீரே வேண்டாம், தெளித்துத் துடைத்தால் போதும் என்கிறது ஒன்று, புழுதியோடு துடைத்தால் மணல் கீறாதா என்று எனக்குச் சந்தேகம். தேய்க்க ஸ்பாஞ்சா, கையில் மாட்டுகிற மொசுமொசு உறையா, துடைக்கத் தோலா, துண்டா. எல்லாப் பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் படித்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாம் எழுதியிருக்கிறது. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன சார், பரீட்சையா எழுதப் போறீங்க, எதையாவது எடுங்க, எல்லாமே கார் கழுவுறதுதான் என்றார். அப்புறம் அவரே, விக்கிறதுக்கா, வச்சுக்கிறதுக்கா என்று கேட்டார். விற்கிறது என்றால் ஒரு பளபளப்புத் திரவம் இருக்கிறதாம், பூசினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மெல்லிய கீறலெல்லாம் மறைந்துவிடும், ஆனால் இரண்டு மழைக்குத் தாங்காது. வைத்துக்கொள்வது என்றால் டப்பாவில் மெழுகு, பார்வைக்கு அப்படி ஒன்றும் மின்னாது, ஆனால் மாதக்கணக்கில் வெயிலும் மழையும் அண்டாது. விற்பதற்கு என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது, வெளியே வரவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. யோசிச்சுட்டு வர்றேன் என்று ஒரு சின்ன ஷாம்புப் பாட்டிலும் கையில் மாட்டுகிற உறை ஒன்றும் மைக்ரோஃபைபர் துண்டு இரண்டும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கார் பழசாயிடும் சார் என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அம்மாவோ, பாத்திரத்துக்குப் போடுறதையே கொஞ்சம் ஊத்திக் கழுவுங்க, கார் என்ன மகாராணியா என்றாள். நான் பழைய பெட்டியைக் கிளறி லிட்மஸ் தாளைத் தேடி எடுத்தேன். துணி துவைக்கிற தூளில் சிவப்புத் தாள் உடனே நீலமாயிற்று, சரி, அது ஆகாது. பாத்திரத் திரவத்தில் தாள் ஒன்றும் சொல்லவில்லை, கார் ஷாம்பிலும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, காருக்கு ரத்தப் பரிசோதனை பண்றீங்களா, சர்க்கரை இருக்கா பாருங்க என்றாள். பிறகுதான் எனக்கு உறைத்தது, சிக்கல் காரத்தில் இல்லை, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவம் காரின் மேல் இருக்கிற மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். இதற்கு லிட்மஸ் தாள் எதற்கு, கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் போதும். சரியான கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைச் சோதிப்பதே எனக்கு வேலை. அதற்குள் இன்னொன்று நடந்தது. புதுத் துண்டு ஆயிற்றே என்று அம்மா அந்த இரண்டையும் துணிக்குப் போடுகிற வாசனைத் திரவத்தில் ஊறவைத்து அலசி, காயவைத்து, இஸ்திரியும் போட்டு என் வேட்டி சட்டையோடு பீரோவில் அடுக்கிவிட்டாள். எனக்குத் தெரியாது. இரண்டு பக்கெட் வைத்து, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் உறையை அலசத் தண்ணீர் என்று முறையாக ஆரம்பித்து, கூரையிலிருந்து கீழே இறங்கி, சக்கரத்தைத் தனியாக விட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுத் துடைக்கத் துண்டை எடுத்தால் அது தண்ணீரைக் குடிக்கவே மாட்டேன் என்கிறது. இங்கே தள்ளினால் அங்கே ஓடுகிறது, அங்கே தள்ளினால் இங்கே. வாசனைத் திரவம் இழையை அடைத்துவிட்டது, இஸ்திரிச் சூட்டில் நுனியெல்லாம் உருகி சொரசொரவென்று ஆகிவிட்டது. வெயில் வேறு ஏறிவிட்டது, நம் வீட்டு உப்புத் தண்ணீர் காய்ந்து கார் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. மறுநாள் வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து ஒற்றி எடுத்தேன், காரை ஊறுகாய் போடறீங்களா என்றாள் அம்மா. புள்ளி போயிற்று. புதுத் துண்டு வாங்கினேன், இந்த முறை அம்மா கண்ணில் படாமல் புத்தக அலமாரியில் வைத்தேன். துண்டை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் போதும், தேய்க்கவே கூடாது, இது நானாகக் கண்டுபிடித்தது.

அப்படி இழுத்துக்கொண்டு வரும்போதுதான் என் நிம்மதி போயிற்று. பின் பம்பரின் இடது மூலையில் ஒரு கீறல், கீறலில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. நம் கேட்டும் பச்சை. குனிந்து பார்த்தால் சக்கரத்தின் உள் விளிம்பில் செம்மண், கொட்டகையை விட்டு நகராத காருக்குச் செம்மண் எப்படி வரும். ஓட்டுநர் சீட் முன்னால் தள்ளியிருக்கிறது, பின்னால் பார்க்கிற கண்ணாடி கீழே திரும்பியிருக்கிறது, சீட்டின் மேல் நம் கூடத்து நாற்காலித் திண்டு. அந்தத் திண்டைக் காணோம் என்று நான் கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடியிருக்கிறேன். மாடி வீட்டு நர்ஸிடம் நீதான் சாவி கொடுத்துவிட்டுப் போனாய், பேட்டரி இறங்காமல் வாரம் ஒரு முறை இஞ்சினை ஓடவிடச் சொல்லி. அவர்தான் எடுத்துக்கொண்டு சுற்றுகிறாரோ என்று நினைத்தேன். நல்ல பெண்ணைச் சந்தேகப்படுகிறோமே என்று கூச்சம், ஞாயிற்றுக்கிழமை வாங்க வருகிறவர் கீறலைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று பயம், கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் மாடிப்படி அடியில் அலைந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அவரே, என்ன சார் நாலு நாளா படிக்கே காவல் நிக்கிறீங்க என்று கேட்டபோது தட்டுத் தடுமாறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திண்டு போட்டு உட்காருற உயரமா சார் நானு, வீட்டுக்குள்ள போய் அக்காகிட்ட கேளுங்க என்றார்.

பாப்பா, ஓட்டியது உன் அம்மா. நான் காலையில் நூலகத்துக்குப் போகிற நேரத்தில், நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, பின்பக்கத்துக் காலி மைதானத்தில் ஆரம்பித்து, பிறகு தெரு, பிறகு பெரிய சாலை. லைசென்ஸும் வாங்கி, என் பீரோவிலேயே, என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, சொன்னா இந்தத் தெருவுல யார் யார் எப்படி எப்படி அடிபடலாம்னு வரிசையா எழுதிக் காட்டுவீங்க, நான் மறுபடியும் அடுப்படிக்கே போயிருப்பேன் என்றாள். எழுதித்தான் காட்டியிருப்பேன். பிறகு கொஞ்சம் மெல்ல, எனக்குன்னு ஒரு இடத்துக்குப் போகணும்னா உங்க முழங்காலைக் கேக்கணும், பஸ்ஸைக் கேக்கணும், இப்ப சாவியை மட்டும் கேட்டாப் போதும் என்றாள். நீ காரை விற்கச் சொன்ன அன்று அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், நீ சொன்னதும் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இப்போது கேட்டால், கார் அவளோடது, அவ வித்துடலாம்னு சொல்லிட்டா, நான் வேணும்னு சொன்னா பாவம் பிள்ளை சங்கடப்படும், நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது என்கிறாள். வாயைத் திறக்கவில்லை, பேனாவைத்தான் திறந்திருக்கிறேன்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், என் மனதில் பாதி, விற்றுவிட்டால் நல்லது என்றுதான் சொல்கிறது. கொட்டகை காலியாகிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் நேற்று அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கடைக்கே ஓட்டிக்கொண்டு போனாள். நான் கதவுப் பிடியை விடவே இல்லை, இல்லாத பிரேக்கை வழி முழுக்க மிதித்துக்கொண்டே போனேன், முழங்காலின் பழைய முனகல் இன்று கூடியிருப்பது அதனால்தான். அவளோ ஒரு திருப்பத்தில் லாரிக்காரனுக்கு வழிவிட்டு, போப்பா ராசா, நீயே முதல்ல போ என்று கையை அசைக்கிறாள். இத்தனை காலம் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், என்ன சார், விக்கிறதுக்கா வச்சுக்கிறதுக்கா, முடிவு பண்ணியாச்சா என்று அதையே கேட்டார். வச்சுக்கிறதுக்கு என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னேன், ஆனால் இது உன்னிடம் சொன்ன அந்தச் சரி மாதிரி இல்லை. மெழுகு டப்பா மேஜையில் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. கார் உன் பெயரில் இருக்கிறது, திறக்கலாமா என்று நீ சொன்னால்தான் திறப்பேன்.

இன்று அவள் முதல்முறையாகத் தனியாகப் போயிருக்கிறாள். ஊருக்கு வெளியே செடி விற்கிற பண்ணைக்கு, பஸ் போகாத இடம், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், நானும் ஆகட்டும் ஆகட்டும் என்றே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். கூட வரட்டுமா என்றேன், நீங்க வந்தா நான் ரெண்டு வண்டி ஓட்டணும், இதையும் உங்களையும் என்றாள். நர்ஸும் வேலைக்குப் போய்விட்டார். போய் வெகு நேரமாகிறது, தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. போன் செய்யலாமா, ஓட்டும்போது மணி அடித்தால் கவனம் சிதறுமே, செய்யாமலும் இருக்க முடியவில்லை. மறுபடி கேட் வரை போய்விட்டு வந்தேன். ஒரு வெள்ளைக் கார் வந்தது, நம்முடையது இல்லை. தெருமுனைக் கடையில் இருந்தவர், என்ன சார் விருந்தாளியா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனேன், இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். வந்துவிட்டாள். கேட்டை நான்தான் திறந்தேன், கேட்டின் பச்சைப் பெயிண்டுக்குப் பக்கத்தில் போகாமல் ஒரே மூச்சில் பின்னாலேயே எடுத்து உள்ளே நிறுத்தினாள், நான் கை காட்டியதை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. பின் சீட் முழுக்கத் தொட்டிகள். கதவு வரை செம்மண், கண்ணாடியெல்லாம் சேறு தெறித்து, நான் இந்த வாரம் முழுக்கக் கழுவியது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஐயையோ உங்க கார் இப்படி ஆயிடுச்சே என்றாள், உங்க கார் என்றாள் பாப்பா, என்னுடையது என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நான் உள்ளே வந்து மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், மகளிடமிருந்து பதில் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அப்படியா சார் என்று மட்டும் கேட்டார்.

ஆகவே அந்தக் கடைக்காரர் கேட்டதை அப்படியே உன்னிடம் கேட்கிறேன், விற்கிறதுக்கா, வச்சுக்கிறதுக்கா. இரண்டில் எது சொன்னாலும் எங்களுக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், வேலையில் மனதுக்குச் சமாதானம் இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. மறக்காமல் இருமலுக்கு வெந்நீர் குடி, பதிலை எனக்கு அனுப்பாதே, நேரே அம்மாவுக்கே போன் செய்து சொல். வெளிச்சம் போவதற்குள் சேற்றைக் கழுவியாக வேண்டும், காய்ந்தால் கீறிவிடும். அம்மா பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிறாள், தொடைக்கிற துண்டு எங்கே என்று சத்தம் போடுகிறாள், அவள் கைக்கு எட்டுவதற்குள் நான் போய்ப் புத்தக அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா