மோசல் கரையில் கேட்ட குரல்

இரத்தோட்டை,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்பு மகள் ஷியாமளாவுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் அம்மாவும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், என் முழங்கால் வலியைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் அந்தக் குளிரில் தடிமன் பிடிக்காமல் சுகமாக இருக்க மாதா காக்க வேண்டும். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குத் தம்பி கிஷாந்த் வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். பின்னேரமானால் மழை. பக்கத்து வீட்டுச் சுந்தரம்மா நம்முடைய கோழிகளை நன்றாகப் பார்த்திருக்கிறாள், ஒரு மிளகுக் கொடிதான் காற்றில் சரிந்துவிட்டது. அம்மா வந்த நாளிலிருந்து அவளுக்கு ஜெர்மனிக் கதை சொல்கிறாள், சொல்லச் சொல்லக் கோட்டைகள் உயர்ந்துகொண்டே போகின்றன. போனில் எனக்குப் பேச இடம் தரமாட்டாள் என்பதால்தான் எழுதுகிறேன். நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதும் மனதில் இருக்கிறது.

உனக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்காமல் போனதும், அந்த மோசல் ஆற்றங்கரை நடைப் பயணத்தையே விட்டுவிடலாம் என்றேன், நீ கேட்காமல் மார்ட்டினோடு எங்களை அனுப்பிவிட்டாய். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்ன ஆளோடு, நீ இல்லாமல் ஊர் ஊராக நடப்பது எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இவனைக் கட்டினால் பிள்ளை அங்கேயே தங்கிவிடுவாள், பேரப்பிள்ளைகளோடு ஒரு வார்த்தை பேசக்கூட நமக்கு முடியாது என்று அம்மா விமானத்திலேயே அழுதவள். முதல் நாள் முழுக்க அவன் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் பையன் என்றுதான் சொன்னாள். அவன் பையை வாங்கிச் சுமக்க வந்தபோது பிடுங்கிக்கொண்டாள், பிறகு இரண்டாவது கோட்டையின் படிக்கட்டைக் கண்டதும் தானாகவே கொடுத்துவிட்டாள். சேலைக்குக் கீழே நீ வாங்கிக் கொடுத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஏறி, மாத்தளையில் பிறந்து வளர்ந்தும் சீகிரியா மலை ஏறாதவள் இங்கே வந்து ஏறுகிறேனே என்று சொல்லித் தானே சிரித்தாள். அந்தப் பழைய ஊர்களில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல நிற்கின்றன, தெருவில் கல் பதித்திருக்கிறார்கள், குனிந்தே நடக்க வேண்டும். சாயந்திரம் ஒரு கடையில் உட்கார்ந்து எல்லாரும் வைன் குடித்தோம். அம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள், ஆனால் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நடந்ததை நாங்கள் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஆற்றிலிருந்து மூடுபனி எழும்பி மலை முழுவதையும் மறைத்துவிட்டது. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இருந்தவன் எனக்கா மலை தெரியாது என்று நான் முன்னால் நடந்தேன், பாதை பிரிந்த இடத்தில் பிழையாகத் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே இறங்கிவிட்டேன், நம்ம தேயிலை மலையைவிடச் செங்குத்தான சரிவு அது, தட்டைக் கல் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. போன் மார்ட்டின் பையில். மேலே எங்கேயோ மிஸ்டர் ரபாயேல் என்று அவன் கூப்பிடுவது லேசாகக் கேட்டது, பெருமை பேசிவிட்டு விழுந்து கிடக்கிற வெட்கத்தில் என் குரலும் எழும்பவில்லை. அப்புறம் அம்மாவின் அழுகைக் குரல் கேட்டது.

"மிஸ்டர்னு கூப்பிட்டா அவருக்குக் கேக்காது. மாமான்னு கூப்பிடு!"

பிள்ளை, உடனே அந்த மலை அதிர "மாமா, மாமா" என்று அவன் கத்தினான். திராட்சை பறித்துக்கொண்டிருந்தவர்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மாவாம், யாரோ ஒரு கிழவி வழி தவறிவிட்டாள் என்று தேடி வந்தவர்கள் மீசை வைத்த என்னைக் கண்டு திகைத்துப் போனார்கள்.

மார்ட்டின் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கி வந்து, காலைத் தன் கழுத்துத் துணியால் கட்டி, என்னைத் தோளில் தாங்கி ஏற்றினான். பாதி வழியில் நிறுத்தி எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில் கேட்டேன், என் மகளை ஊருக்கு வர விடுவாயா என்று. அவன் யோசித்துத்தான் பேசினான். ஊரோடு வந்து இருப்போம் என்று இப்போது சொன்னால் அது பொய்யாகிவிடும், ஆனால் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு வருவேன், பிறக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், அதற்காகத்தான் நானே படிக்கிறேன் என்றான். விழுந்து கிடந்த மனிதனைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மேலே போனதும் அம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவன் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள். திரும்பி வரும்போது விமானத்தில் கேட்டேன், மாமா என்று கூப்பிடச் சொன்னாயே, யோசித்தா சொன்னாய் என்று. "அந்த நேரம் யோசிக்க எங்கங்க நேரம். வாயில வந்துச்சு, வந்தது வந்ததுதான்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நான் அங்கே வந்தேன், உனக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பனிக்குள்ளே அவன் மாமா என்று கூப்பிட்டான், நானும் "இங்க இருக்கேன்" என்றேன். அதுதான் என் பதில் மகள்.

அவனுடைய அம்மா அப்பாவுக்கு எங்கள் அன்பைச் சொல். நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்து நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும். மறக்காமல் மார்ட்டினுடைய ஞானஸ்நானப் பத்திரத்தை அனுப்பிவை, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும் என்று பாதரிடம் காலையில் அம்மாவே போய்ச் சொல்லிவிட்டாள்.

உன் அன்பு அப்பா,
ம. ரபாயேல்