நகராத தொப்பி

பவானிபூர், கல்கத்தா
ரக்தாக்ஷி வருஷம், ஐப்பசி 18

சிரஞ்சீவி வாஞ்சிநாதனுக்கு அப்பா மஹாதேவன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. ரங்கூனில் நீ சௌக்கியமாக இருக்கிறாயா என்பதை மட்டும் தபாலுக்குத் தபால் தவறாமல் எழுது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. மர டிப்போக்களைச் சுற்றிப் பார்க்க உன் கம்பெனியில் மோட்டார் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள் என்றும், அண்ணா லக்ஷ்மிநாராயணனின் தோல் தொப்பி சும்மாதானே கிடக்கிறது, அதை அனுப்புங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதினால் வந்துவிடுவாய். நான் சொன்னதைத் தட்டாத பிள்ளைகளாகத்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாயிருக்கிறது. ஆகவே அப்படி எழுதவில்லை.

ஆனால் அண்ணாவின் தொப்பியை அனுப்பமாட்டேன். ஆவணியில் உனக்கு அடித்த தந்தியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அண்ணா போய்விட்டான் என்று மட்டும் இருந்தது. லீவு கிடைக்காமல் நீ வரவும் முடியவில்லை. மிச்சத்தைச் சொல்லாமல் இரண்டு மாதம் கடத்திவிட்டேன்.

கிடர்பூரில் உள்ள சணல் கிடங்குகளைப் பார்வையிட அவன் கம்பெனியில் அந்த வண்டியைக் கொடுத்தார்கள். கூடவே உள்ளே தக்கை வைத்துத் தைத்த தோல் தொப்பி ஒன்றும் கொடுத்தார்கள். காலில் போடுகிற தோல் தலையில் ஏறுவதா என்று நான் குதித்தேன். குடுமியை எடுத்தால்தான் அது சரியாக உட்காரும் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் இருக்கும்வரை இந்த வீட்டில் கிராப்புத் தலை கிடையாது என்றேன். உன் மன்னி ஜலஜாகூடக் குடுமியை எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தாளாம். அப்பா மனசு நோகும் என்று சிரித்து மழுப்பிவிட்டானாம்.

குடுமிக்கும் இடம் இருக்கட்டும் என்று பெரிய தொப்பியாக மாற்றி வாங்கிக்கொண்டான். தோல் தலையில் படக்கூடாதென்று, என் பழைய வேஷ்டியை மடியாக உலர்த்தி, கிழித்து, நானே கொடுத்தேன். அதைத் தலையில் சுற்றிக்கொண்டு அதன்மேல் தொப்பியை வைப்பான். தாடை வாரை இழுத்து மாட்டினால் குடுமி முடிச்சில் அழுத்தி வலிக்கிறதென்று தளர்த்தியே விட்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் படிக்கட்டுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்நானம் செய்துவிட்டுத்தான் உள்ளே வருவான். ஆசாரம் கெடாமல் இருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். அவனுக்குச் சௌகரியமாக இருக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

கிடர்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், மழையில், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிட்டது. வேகம்கூட இல்லையாம். பார்த்துக்கொண்டிருந்த கைவண்டிக்காரன் ஒருவன், பாபு கீழே விழுமுன்பே தொப்பி கழன்று உருண்டுவிட்டது என்றான். அதைத் துடைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். ஒரு கீறல் இல்லை. உள்ளே என் வேஷ்டித் துணி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர், கோட்டும் கையுறையும் நன்றாக இருந்ததால் கை கால்களில் சிராய்ப்புகூட அதிகமில்லை என்றார். தொப்பியும் தலையில் நின்றிருந்தால் பையன் எழுந்து வீட்டுக்கு நடந்தே போயிருப்பான் என்றார். ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவர் சொன்னார். எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனுக்கு நான் வைத்துவிட்டு வந்தேன்.

ஜலஜா இங்கேயேதான் இருக்கிறாள். பத்தாம் நாள் பந்துக்கள் அவள் தலையை மழிக்க நாவிதனை அழைத்து வந்தார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். தலைமயிருக்காக இந்த வீட்டில் நடந்தது போதும் என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து அவர்கள் வருவதில்லை. வராமல் போகட்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பெண்டிங்க் தெருவில் பூட்ஸ் தைக்கும் சீனர் ஒருவரின் கடைக்குப் போனேன். என் தலைப்பாகை உனக்குக் கச்சிதமாக இருக்குமே, அந்த தைரியத்தில் என் தலையை அளந்து தைக்கச் சொன்னேன். அவர் ஒரு தொப்பியை எனக்கு மாட்டித் தலையை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். கண்ணை மறைத்துக்கொண்டு முன்னால் விழுந்தது. அவர் என் குடுமியை விரலால் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். எழுந்துபோய்த் தெருமுனை நாவிதனிடம் உட்கார்ந்தேன். திரும்பி வந்து மறுபடி அளக்கச் சொன்னேன்.

வீட்டில் அம்மா என் தலையை வெகுநேரம் பார்த்தாள். இதை ஆவணிக்கு முன்னால் செய்திருக்கக்கூடாதா என்று கேட்டாள்.

புதுத் தொப்பியும், அண்ணாவின் காகிள்ஸ் கண்ணாடியும் கோட்டும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகின்றன. கோட்டில் கிழிந்த இடத்தை ஜலஜா தைத்திருக்கிறாள். ரங்கூன் புழுக்கத்தில் கோட்டு எதற்கு என்று தோன்றும், போட்டுக்கொள். கையுறையை உன் கைக்குப் போட்டுப் பார்த்து அங்கேயே வாங்கு, பிரேக் பிடிக்கையில் விரல் மடங்க வேண்டும். பூட்ஸ் கணுக்காலை மூடட்டும். தாடை வாருக்குள் இரண்டு விரல் போகலாம், மூன்றாவது போகக்கூடாது என்று சீனர் காட்டிக்கொடுத்தார். நனைந்தால் நிழலில் உலர்த்து. வெளியே ஆணியில் மாட்டாதே, உன் அறைக்குள் பெட்டிமேல் வை.

இந்தத் தொப்பி குடுமியில்லாத தலைக்குத் தைத்தது. கப்பல் வந்து சேருவதற்குள் நீயும் கிராப்பு வைத்துக்கொண்டுவிடு. யாராவது கேட்டால் அப்பா உத்தரவு என்று சொல். போட்டுக்கொண்டு தலையை நன்றாக ஆட்டிப் பார். எங்காவது அழுத்தினால், எங்கே வலிக்கிறதென்று எனக்கு எழுது. இன்னொன்று தைக்கச் சொல்கிறேன். அப்பா மனசு நோகும் என்று பொறுத்துக்கொண்டு போய்விடாதேடா, குழந்தை.

தீர்க்காயுசாக இரு. எனக்குக் காரியம் செய்ய நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
மஹாதேவன்