யானைக்குப் பிறகு ஒரு சின்னக் கார்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம், பெரியம்மா முன்பைவிடத் தேவலை, நலமில்லாதது நம் யானை மட்டும்தான். நீயும் மருமகளும் நன்றாக இருக்கிறீர்கள் என்று குரலிலேயே தெரிகிறது, ஆனாலும் அதை ஒரு வரியாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

போன மாதம் தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, அடுத்த கார் ஊருக்குள்ள ஓட்டுற மாதிரி சின்ன எலக்ட்ரிக் காரா வாங்கலாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றாய். ஆயுள் முழுக்க வகுப்பில் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான், என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டால் எனக்குக் கை கால் ஓடாது. பாடம் படிக்காமல் வந்த பையன் என்ன செய்வானோ அதையே செய்தேன். தொண்டையைச் செருமினேன், நல்ல கேள்வி என்றேன், யோசித்துச் சொல்கிறேன் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வைப்பதற்கு முன் நீயே ஒரு தயக்கத்தையும் சொன்னாய், சின்னக் கார் என்றால் ஒரு சார்ஜில் நம் வீடு வரைக்கும் வராதே, அதனால் பெரிதாகவே பார்க்கலாமா என்று யோசிப்பதாக. எனக்கு அது மிகச் சரியான ஆட்சேபமாகப் பட்டது. என் பிள்ளையல்லவா என்று பெருமைகூடப் பட்டேன். அந்தப் பெருமை எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

யானையின் நிலைமை உனக்குத் தெரியும். நீ பள்ளியில் படிக்கும்போது வாங்கிய அந்தப் பெரிய காருக்கு அம்மா வைத்த பெயர் வீண் போகவில்லை. தீனியும் யானைத் தீனி, திரும்புவதற்குத் தெருவே பத்தாது, மணியோசைக்குப் பதில் அதன் இருமல் முன்னே வரும். நம் மெக்கானிக்கை நான் சர்ஜன் என்றுதான் கூப்பிடுவேன், முதலில் பிரித்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் என்ன கோளாறு என்று கேட்பார். அவரே இந்த முறை எதையும் பிரிக்காமல் பானெட்டை மூடிவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் சார், ஆனால் இறக்கத்தில் இறங்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றார். ஆக, உனக்காக ஆராய ஆரம்பித்தது எனக்காகவும் ஆகிவிட்டது.

ஆராய்ச்சி என்றால் நான் விடுவேனா. பின்னறையில் கிடந்த பழைய கரும்பலகையைத் துடைத்து மாட்டினேன். கடைவீதியில் உள்ள ஷோரூம்களுக்கெல்லாம் போய் வந்தேன். ஒவ்வொரு சின்னக் காரையும் ஒரே ஒரு கேள்வியில் பெயிலாக்கினேன். ஒரு சார்ஜில் என் மகன் வீட்டுக்குப் போகுமா? போகாது. முட்டை. அடுத்தது. பக்கத்து வீட்டு வக்கீல் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எண்ணெய் ஊற்றினார். நடுவழியில் நின்றுவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டி, அம்மா ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா என்று கேட்பீர்கள் என்றார். நான் அதையும் பலகையில் எழுதிக்கொண்டேன். அம்மா காய் நறுக்கியபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள், அவன் வீட்டுக்கு நாம் எப்போதாவது காரில் போயிருக்கிறோமா என்று. யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. எப்போதும் ரயில்தான். திடீரென்று அவனுக்கு ஒன்று என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பவேண்டி வந்தால் என்றேன். அதற்கு அவள், ராத்திரியில் எதிரே வருகிற லைட்டுக்கே உங்களுக்குக் கண் கூசுகிறதே, நீங்கள் எங்கே கிளம்புவது என்றாள். பலகையில் அதை மட்டும் நான் எழுதவில்லை.

வகுப்பில் நான் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு, நீயே கேட்டுச் சலித்திருப்பாய். டைம்டேபிளைப் பார்க்காமல் வருஷத்துப் புத்தகம் முழுவதையும் தினமும் முதுகில் தூக்கி வருகிற பையன் படிப்பாளி இல்லை, பயந்தாங்கொள்ளி. எது கேட்டாலும் கையில் இருக்கவேண்டும் என்ற பயம். முதுகு வளையுமே தவிர மார்க் ஏறாது. எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, நானே எங்கள் தெருவுக்கும் பெரியம்மா தெருவுக்கும் இடையே போய்வர, உன் ஊர் வரை போகக்கூடிய பாட்டரியை முதுகில் கட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கதையே அங்கேதான் இருக்கிறது. அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து அம்மா தினமும் சாயங்காலம் அங்கே போகிறாள் என்பது உனக்குத் தெரியும். கை கொஞ்சம் அசைகிறது. பேச்சுதான் மெதுவாகத் திரும்புகிறது, ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கினால் அது வந்து சேரும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டும். அம்மாவுக்கு அந்தப் பொறுமை உண்டு. அவர்கள் வீடு இருக்கிற குறுகலான சந்துதான் உனக்குத் தெரியுமே, யானை உள்ளே நுழைந்தால் வேறு எதுவும் நுழைய முடியாது. நிறுத்த இடமில்லாததால் அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றதும் ஹாரன் அடிப்பேன், அம்மா மாடியிலிருந்து இறங்கி ஓடி வருவாள். ஓடி என்று எழுதிவிட்டேன், அவள் முழங்காலுக்கு அது ஓட்டம் இல்லை. இடது முழங்கால் போன பிறகுதான் கிளட்ச் மிதிக்க முடியாமல் அவள் ஓட்டுவதையே விட்டாள். உன்னைத் தினமும் பள்ளியில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல ஹாரன் அடித்தேன். அவள் வந்து ஏறிக்கொண்டாள். வழி முழுக்க நான் பாட்டரியைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "அக்கா இன்னைக்கு ஏதோ சொல்ல வந்தா. பாதி வந்துடுச்சு. உங்க ஹாரன் முந்திக்கிச்சு."

இடமில்லாத சந்தில் நான் என்ன செய்வது என்றேன். உண்மைதானே, நியாயம் என் பக்கம்தான் இருந்தது. அவள் கோபப்படவே இல்லை. ஒன்று வண்டியைச் சின்னதாக்குங்கள், இல்லையென்றால் என்னை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு விளக்கைப் போடப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நானே கரும்பலகையை அழித்தேன். அழித்த வேகத்தில் சாக்பீஸ் தூள் எல்லாம் என் தலையில், வக்கீல் பார்த்துவிட்டு ஒரே நாளில் இப்படி நரைத்துவிட்டதே என்றார்.

அன்றே இரண்டு பேருமாக ஷோரூமுக்குப் போனோம், இருப்பதிலேயே சின்னக் காராகக் காட்டச் சொன்னோம். அங்கே இருந்த விற்பனைப் பெண் நல்ல மாதிரி. ஓட்டிப் பார்க்கலாம் சார் என்று என்னை உட்காரவைத்தாள், அம்மாவும் அவளும் பின்னால் ஏறினார்கள். கிளம்புவதற்கு முன் நான் அந்தப் பெண்ணுக்கு மின்மோட்டாரைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். காலை எடுத்தால் வண்டி தானே வேகம் குறைந்து, அந்த ஓட்டத்தைக் கொண்டே கொஞ்சம் சார்ஜைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் என்று அவள் விற்கிற வண்டியைப் பற்றி அவளுக்கே விளக்கினேன். விளக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். சத்தமில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினேன். அந்தப் பெண் பின்னாலிருந்து பணிவாகச் சொன்னாள்: "சார், கார் முதல்லயே ஸ்டார்ட் ஆயிடுச்சு. நீங்கதான் திரும்பத் திரும்ப ஆஃப் பண்றீங்க." யானையோடு வாழ்ந்தவனுக்கு இருமல் கேட்டால்தான் உயிர் இருப்பதாக நம்பிக்கை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். அப்போது அம்மா, நான் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணைக் கேட்டாள். உனக்கு லைசென்ஸ் ஏது என்றேன். போன தடவை என்னுடையதைப் புதுப்பித்தபோது என் பக்கத்திலேயே வரிசையில் நின்று அவளுடையதையும் புதுப்பித்திருக்கிறாள். எனக்குத் துணைக்கு நிற்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளட்சும் இல்லை, கியரும் இல்லை, இடது காலுக்கு வேலையே இல்லை. அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், கிளம்பினாள். பக்கத்து இருக்கையில் நான். முதல் திருப்பத்திலேயே என் வலது கால் தரையைப் பலமாக மிதித்தது. அடுத்த திருப்பத்திலும் மிதித்தேன். பின்னாலிருந்து அந்தப் பெண், சார் அந்தப் பக்கம் பிரேக் இல்லை என்றாள். அம்மா சிரித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம். சிரித்தபடியே ஷோரூம் பக்கம் திரும்பாமல் நேரே போனாள். எனக்குப் புரிவதற்குள் பெரியம்மா சந்துக்குள் நுழைந்துவிட்டாள். வாசல் கேட்டுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு, இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே ஹாரன் அடித்திருக்கிறேன், அதில் அந்தக் கார் தீப்பெட்டிக்குள் தீக்குச்சி மாதிரிப் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னால் ஒரு பால் வண்டி வந்து, எங்களைத் தாண்டி அதன் பாட்டுக்குப் போயிற்று.

விற்பனைப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மேலே போனோம். அவளும் பாவம், இப்படி ஒரு டெஸ்ட் டிரைவைப் பார்த்திருக்கமாட்டாள். பெரியம்மா நாற்காலியில் இருந்தாள், என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரே ஆச்சரியம். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எல்லோரும் காத்திருந்தோம். சந்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. எழுத்து எழுத்தாகக் கூட்டிக் கடைசியில், "ஹா… ரன்… எங்க?" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் பாதியில் நின்றது என்ன அக்கா என்று கேட்டாள். பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, நல்ல கையை மட்டும் விரித்துக் காட்டினாள். மறந்துவிட்டதாம். அது என்ன சொல்லாக இருந்திருக்கும் என்று நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் இப்போது என் பெயர் ஹாரன். எனக்கு ஆட்சேபம் இல்லை, சம்பாதித்த பெயர்தானே.

அந்தச் சின்னக் காரையே பதிவு செய்துவிட்டோம், அம்மாவுக்குப் பிடித்த நிறத்தில் வருவதற்குக் கொஞ்சம் நாளாகும். எலக்ட்ரீஷியன் வந்து வாசலில் தனியாக வயர் இழுத்து, எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். நீ அடுக்குமாடியில் இருக்கிறாய், அதனால் காரின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உன் பார்க்கிங்கில் சார்ஜ் பண்ண அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள். ஒரு சார்ஜுக்குக் கம்பெனி சொல்கிற தூரம் முழுவதும் கிடைக்கும் என்று நம்பாதே, ஏசி போட்டாலும் விரட்டி ஓட்டினாலும் குறையும். டிக்கியில் இரண்டு பெட்டிக்கு மேல் போகாது, மூன்றாவது பெட்டி உன் மடியில்தான். நீளப் பயணம் அடிக்கடி உண்டென்றால் அது வேறு கணக்கு. ஆனால் எங்களுக்காகப் பெரிய கார் வாங்காதே. நான் உன்னை நோக்கி ஒரு கார் வாங்கப் பார்த்தேன், நீ எங்களை நோக்கி ஒரு கார் வாங்கப் பார்க்கிறாய், அந்த இரண்டு காரும் அந்தச் சாலையில் ஒரு நாளும் ஓடப்போவதில்லை. அதற்கு ரயில் இருக்கிறது, ஜன்னலோரம் வேறு கிடைக்கும். வருகிற விடுமுறைக்கு அதில் வாருங்கள், அம்மா ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம், பெரியம்மாவும் நல்ல கையைத் தூக்கி ஆசி சொல்லியிருக்கிறாள். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, நானும் இந்த வாரம் போகிறேன்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். ஷோரூமுக்குப் போகும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. சாவியை அவளிடம் கொடு. தினமும் அவள் எங்கே போகவேண்டியிருக்கிறதோ அங்கே ஓட்டச் சொல். நீ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலைத் தரையில் மிதிக்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு சுற்று போய்விட்டு வா.

பக்கத்து இருக்கையிலிருந்து,
உன் அப்பா