பெட்டிசம் எழுதிய கை

மிஸ், உங்களை இடம் மாற்றியது அநியாயம். அதற்குக் காரணமான பெட்டிசத்தை, அந்தப் புகார்க் கடிதத்தை, எழுதியவன் நான். நீங்கள் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இன்று காலை மருமகள் குசினி அடுப்பில் மெழுகுதிரித் துண்டுகளைத் தகரப் பேணியில் போட்டு உருக்கினாள். அந்த வாசனைக்கு என் வலது கை தானாக விரிந்தது. இளஞ்சூட்டு மெழுகில் இந்தக் கையைத் தோய்த்தெடுத்து, துவாயால் சுற்றி, சூடு ஆறும்வரை பக்கத்தில் இருந்தவர், ஆஸ்பத்திரியில் எனக்குக் கைப்பயிற்சி தந்த நீங்கள்தான்.

உப்புவெளிக் கரையில் படகு எஞ்சின் திருத்தினவன் நான். யாரிடமும் படிக்கவில்லை, கழற்றிப் பூட்டியே பழகினேன். ஒருநாள் கயிற்றை இழுத்தபோது எஞ்சின் என்னை உதறி எறிந்தது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமைக்கென்று போட்ட பிளாஸ்டரை நாலாம் கிழமையே இரும்பறுக்கும் வாளால் அறுத்தெறிந்தேன். கை மடங்க மறுத்தது. துருவேறிய நட்டுக்குச் செய்வதையே அதற்கும் செய்தேன்: எண்ணெய் பூசி, வைஸ் இடுக்கியில் இறுக்கி, நெம்பினேன். விடிய, கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

அந்தக் கையோடுதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் ஏசவில்லை. "ஐயா, இது நட் இல்ல. நெம்பினா கோவிச்சுக்கும்" என்றீர்கள். ஸ்பொஞ்சைத் தந்து தண்ணீரில் பிழியச் சொன்னீர்கள். "பத்துத் தரம். பதினொண்டு வேணாம்." நான் வீட்டில் ஐம்பது செய்தேன். அடுத்த முறை வீக்கத்தைப் பார்த்ததுமே, ஐம்பதா அறுபதா என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

பிறகு அரிசியும் பயறும் கலந்த தட்டு. பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வாங்குப் பலகையில் காத்திருந்த ஒரு பெண், "அப்பு, முடிஞ்சால் எங்கட வீட்டு அரிசியையும் ஒருக்காப் பாருங்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும். அன்றே மேலதிகாரிகளின் கந்தோருக்கு எழுதினேன்: மருந்தில்லை, மாத்திரையில்லை, வயதானவனைச் சிறுபிள்ளை விளையாட்டு விளையாட விடுகிறார். இரண்டு பக்கம்.

விசாரணையில் அந்தக் கடதாசியை உங்களிடம் நீட்டினார்கள். கடைசி வரி வரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"நீங்களே எழுதினதா ஐயா?"

"ஓம்."

"எழுத்து நேரா வந்திருக்கு. மணிக்கட்டு இளகிட்டுது."

அதற்குமுன் கையொப்பம் வைக்கக்கூட ஏலாதிருந்த கை அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டிசத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்களைத் தூரத்துச் சிகிச்சை நிலையமொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கேயே நோய்ப்பட்டீர்கள். பாலம் தாண்டினால் கிண்ணியாவில் உங்கள் வீடு. நீங்கள் மௌத்தாகி, இறந்துபோன செய்தி வந்த பிறகும் நான் பாலம் தாண்டவில்லை. இப்போது ஒவ்வொரு எஞ்சினைப் பூட்டி முடித்ததும், கையைத் திருப்பிக் காட்ட ஆளில்லாமல் நிற்கிறேன்.

பயறு விஷயத்தில் மட்டும் இன்னும் உடன்பட மாட்டேன். நட்டும் வாஷரும் தந்திருக்கலாம்.

இனி நடக்க வேண்டியவை. இங்கே உங்கள் பழைய மேசையில் அடுக்கியிருக்கும் கோப்புகளைப் பொறுப்பதிகாரி இந்தக் கிழமையே எடுக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் உங்கள் கதிரைக்கு ஆளனுப்ப வேண்டியது கந்தோர். அதைக் கேட்டு என் இரண்டாவது பெட்டிசம் அங்கே போயிருக்கிறது. பாலம் தாண்டிப்போய் உங்கள் உம்மாவிடம் என் பெயரைச் சொல்ல வேண்டியது நான். காலையில் பத்து, பின்னேரம் பத்து பிழிய வேண்டியதும் நான்.

பதினொன்று இல்லை, மிஸ்.