புது வள்ளத்தில் முதல் கை

சாம்பல்தீவு, 1974 ஆவணி, வியாழன் இரவு.

இன்று என் மனைவி ராணியின் தம்பி செல்வம் புது வள்ளம் இறக்கினான். எங்கள் கரையில் பிள்ளைகள் நிறைந்த ஆண்தான் வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் முதல் கை வைக்க வேண்டும். அஞ்சு பிள்ளைக்காரன் என்று எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்று கிட்டப் போனதும் செல்வம் தடுத்தான்.

“குறை நினையாதையுங்கோ அத்தான். நீங்கள் பிள்ளை வேண்டாமெண்டு ஒப்பரேசன் செய்த ஆள். வேற ஆள் வைக்கட்டும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆண்மை ஒன்றும் குறையாது என்று டொக்டர் சொன்னவர்தான். ஆனாலும் ஒப்பரேசன் செய்த நாளிலிருந்து எனக்கே என்மேல் சந்தேகம். ராணியின் பக்கம் திரும்பப் பயந்து, சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னொரு பிள்ளை பெத்தால் உன்ர அக்கா தப்பமாட்டா எண்டு டொக்டர் சொல்லேக்க நீயும் பக்கத்தில நிண்டு அழுதனி. அவவுக்காகத்தான் செய்தனான். வழியை விடு!”

அவன் விலகினான். அணியத்தில் இரண்டு கையையும் அழுத்தி வைத்தேன். பிறகுதான் வள்ளத்தைத் தள்ளினார்கள்.

மீன் படாவிட்டால் என் கையைத்தான் குறை சொல்வார்கள். சொல்லட்டும்.

ராணி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். இன்று சுவரைப் பார்த்துப் படுக்க மாட்டேன்.